இணைய நிரலாக்கம் படிக்க முதல் புத்தகம்: எதை வாங்குவது?

விசுவமடு வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். விசுவமடுவில் ஒரு தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். உயர்தரம் கலைப்பிரிவில் படித்தேன். பாமினித் தமிழ் எழுத்துருவில் நாள் முழுவதும் தட்டச்சு செய்கிறவள் என்பதால் கணினிக்குப் பயம் இல்லை. ஆனால் நிரல் என்று ஒரு வரிகூட எழுதியது கிடையாது.

கடைக்கு ஓர் இணையத்தளம் நானே செய்ய வேண்டும். அதன் பிறகு, விண்ணப்பப் படிவத்துக்கான விபரங்களைத் தருமபுரம், உடையார்கட்டுப் பக்கத்தில் இருப்பவர்கள் வீட்டிலிருந்தே நிரப்பி அனுப்புகிற மாதிரி ஒரு வசதி. விடுபட்ட ஒரு விபரத்துக்காகப் பஸ் ஏறி இரண்டாம் தரம் வருகிறவர்களை ஒவ்வொரு கிழமையும் பார்க்கிறேன்.

புத்தகத்துக்கு 5,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். தெரிந்த அண்ணா ஒருவர் யாழ்ப்பாணம் போகிறார், வாங்கி வருவார். அங்குள்ள கடையில் தொலைபேசியில் கேட்டபோது மூன்று வகை இருப்பதாகச் சொன்னார்கள். ஒன்று, எல்லாம் ஒரே புத்தகத்தில் அடங்கிய 900 பக்கத் தடித்த ஆங்கிலப் புத்தகம். மற்றது, நிறைய வண்ணப் படங்களுடன், பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்.டி.எம்.எல்., தோற்றத்தை அமைக்கும் சி.எஸ்.எஸ். என்ற இரண்டை மட்டும் சொல்லும் ஆங்கிலப் புத்தகம். மூன்றாவது தமிழில் மெல்லிய ஒன்று.

மடிக்கணினி பழையது, 4 ஜிபி நினைவகம். டேட்டா மாதக் கடைசியில் தீர்ந்துவிடும். மத்தியானத்துக்குப் பிறகு இடி முழங்கினால் மின்சாரமும் போய்விடும். ஆங்கிலம் சாதாரண தரத்தில் ‘சி’. எதை வாங்கச் சொல்லட்டும்?

மல்லாவியான்:

தங்கச்சி, காசை வீணாக்க வேண்டாம். இந்தக் காலத்தில் யார் புத்தகம் வாங்கி நிரலாக்கம் படிக்கிறார்கள்? யூடியூப்பில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கிறது, தமிழிலும் இருக்கிறது. நான் இங்கே ரொறன்ரோவில் வேலைக்குச் சேர்ந்தது காணொளி பார்த்துப் படித்துத்தான். நேரே உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழி, பிறகு அதன் மேல் கட்டிய ரியாக்ட். தளத்தை வைத்திருக்கும் சேவையகக் கணினியில் ஓடுகிற பி.எச்.பி. மொழியின் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

பரந்தன் சந்தி:

அண்ணை, அவர் டேட்டா தீர்ந்துவிடும் என்று எழுதியிருக்கிறாரே, வாசித்தீர்களா? ரொறன்ரோவில் இருந்து பார்த்தால் எல்லாம் இலவசந்தான்.

தங்கச்சி, தடித்த புத்தகத்தை வாங்குங்கள். ஒரு முறை கொடுக்கிற காசு. எச்.டி.எம்.எல். முதல் பி.எச்.பி. வரை எல்லாம் உள்ளே இருக்கும், இன்னொன்று தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்தாலும் அதுதான் மலிவு.

முள்ளியவளை ஆசிரியர்:

பக்கக் கணக்கில் புத்தகம் வாங்கச் சொல்கிற ஆலோசனையை என்னால் ஏற்க முடியவில்லை. தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். தடித்த புத்தகத்தோடு தொடங்கிய பிள்ளைகளில் பெரும்பாலானோர் முதல் நூறு பக்கத்தைத் தாண்டுவதில்லை. அந்த நூறு பக்கத்துக்குள் ஒரு முழுமையான பக்கத்தைக்கூடச் செய்து முடித்திருக்க மாட்டார்கள். எல்லாவற்றையும் தொட வேண்டும் என்ற அவசரத்தில் எழுதப்பட்டவை அந்தப் புத்தகங்கள். படிவம் பற்றி நான்கு பக்கம், சி.எஸ்.எஸ். பற்றி நாற்பது பக்கம், அதற்குள் விபரங்களைச் சேமிக்கிற தரவுத்தளம் வந்துவிடும்.

விதைநெல் வாங்குகிறவர் சாக்கு எவ்வளவு பெரியது என்று பார்த்து வாங்குவதில்லை. ஒரு பிடி எடுத்து ஈரத்துணியில் கட்டி, முளைக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்குகிறார். புத்தகத்தையும் அப்படிச் சோதிக்கலாம். கடைக்குப் போகிற அண்ணாவிடம், நடுவில் ஏதாவது ஓர் எடுத்துக்காட்டு உள்ள பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதை அப்படியே நோட்பேடில் தட்டச்சு செய்து சேமித்து, உலாவியில் திறந்து பாருங்கள். எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றுக்கும் இணைய இணைப்பே தேவையில்லை, கணினியில் உள்ள கோப்பை உலாவி நேரடியாகத் திறக்கும். புத்தகத்தில் உள்ள படத்தில் இருப்பது திரையில் வருகிறதா? அந்தப் பக்கத்தை வாசித்தவுடன் எந்த வரி என்ன செய்கிறது என்று உங்களுக்கு விளங்குகிறதா? அத்தியாயத்தின் முடிவில் நீங்களாகச் செய்து பார்க்கப் பயிற்சி இருக்கிறதா? எந்த ஆண்டுப் பதிப்பு?

தமிழில் வேண்டுமானால், கடைக்குப் போகாமலே இரண்டு இருக்கின்றன. கணியம் குழுவினர் வெளியிட்ட ‘எளிய தமிழில்’ வரிசையில் து. நித்யா எழுதிய எச்.டி.எம்.எல். நூலும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் பற்றிய நூலும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. தமிழ்நாட்டு நடை, ஆனால் விளங்கும். மற்றது, உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்குத் தேசிய கல்வி நிறுவகம் தமிழில் வெளியிட்ட ஆசிரியர் வழிகாட்டி. அந்தப் பாடத்திட்டத்தில் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., பி.எச்.பி., மைஎஸ்கியூஎல் எல்லாம் உண்டு. ஆனால் அது பரீட்சையை மனதில் வைத்து எழுதப்பட்டது. படிப்பிக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது, தனியே படிக்கிறவருக்கு வறண்டு போகும். ஆசிரியர் வழிகாட்டி என்ற பெயரே அதைச் சொல்கிறது.

விசுவமடு வாசகி:

நன்றி சேர். அண்ணாவிடம் சொல்லிவிட்டேன், நாளை படம் அனுப்புவார். வண்ணப் புத்தகத்தின் பெயரையும் கடையில் கேட்டு வைத்தேன். ஜோன் டக்கெட் எழுதியதாம், ‘எச்.டி.எம்.எல். அண்ட் சி.எஸ்.எஸ்.’.

ஓமந்தை நிரலன்:

வவுனியாவில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். டக்கெட்டின் புத்தகம் எங்கள் அலுவலகத்திலும் ஒன்று கிடக்கிறது, ஆகவே அதைப் பற்றி விரிவாகவே எழுதலாம்.

வெளிவந்தது 2011 இல். ஏறத்தாழ 500 பக்கம், ஆனால் பக்கத்தில் எழுத்து குறைவு. ஒரு பக்கத்தில் நிரல், அருகிலேயே அதன் விளைவு. ஆங்கிலத்தில் ‘சி’ எடுத்தவர் தாராளமாக வாசிக்கலாம், வசனங்கள் சிறியவை. படிவத்துக்கென்று தனி அத்தியாயம் இருக்கிறது, ஏழாவது. உங்கள் தேவைக்கு அது முக்கியம். பட்டியல், இணைப்பு, படம், அட்டவணை என்று எச்.டி.எம்.எல். பகுதியில் சொன்னவை இன்றைக்கும் அப்படியே செல்லும். எச்.டி.எம்.எல். அவ்வளவு மாறும் மொழி அல்ல. டிம் பெர்னர்ஸ்-லீ 1991 இல் வெளியிட்ட முதல் இணையப் பக்கத்தை இன்றைய உலாவியும் திறந்து காட்டுகிறது.

பழுது எங்கே என்றால், ஒன்பதாவது அத்தியாயம், பக்கத்தில் அசைபடம் காட்டப் பாவித்த ஃபிளாஷ் பற்றியும் பேசுகிறது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31 உடன் ஃபிளாஷ் ஆதரவை நிறுத்திவிட்டது, அந்தப் பகுதியை அப்படியே தாண்டிப் போங்கள். பக்க அமைப்பு பற்றிய பதினைந்தாவது அத்தியாயம் ‘ஃப்ளோட்’ என்ற முறையை நம்பியிருக்கிறது. இன்று அந்த வேலைக்கு ஃபிளெக்ஸ்பாக்ஸ், கிரிட் என்ற இரண்டும் வந்துவிட்டன. கிரிட் 2017 இல்தான் முக்கிய உலாவிகளுக்கு வந்தது, 2011 புத்தகத்தில் எப்படி இருக்கும்? தொலைபேசித் திரைக்குப் பக்கத்தை மடக்கிக் கொடுப்பதும் அதில் போதாது. உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தொலைபேசியில்தான் பார்க்கப்போகிறார்கள். ஆகவே அந்த ஓர் அத்தியாயத்துக்குப் பதிலாக மொசில்லாவின் எம்.டி.என். தளத்தில் ஃபிளெக்ஸ்பாக்ஸ் பாடத்தை வாசியுங்கள். மற்றவற்றுக்குப் புத்தகம் போதும்.

அதே ஆசிரியரின் ஜாவாஸ்கிரிப்ட் புத்தகத்தைக் கடைக்காரர் சேர்த்து விற்கப் பார்ப்பார். வேண்டாம். அது 2014. ஜாவாஸ்கிரிப்டில் பெரிய மாற்றம் வந்தது 2015 இல். ‘லெட்’, ‘கான்ஸ்ட்’ என்ற இரண்டு கட்டளைச் சொற்களும் அந்த ஆண்டில் வந்தவை. அவை இல்லாமல் பழைய ‘வார்’ மட்டும் பாவிக்கிற புத்தகம் என்றால் அது அதற்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளுங்கள். போதாததற்கு அதில் பாதி ஜேக்வரி என்ற பழைய துணை நிரல்தொகுப்பு.

தடித்த புத்தகத்தைப் பற்றி, படம் வந்த பிறகு சொல்கிறேன். பி.எச்.பி. பகுதியைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். தரவுத்தளத்தோடு இணைக்கிற எடுத்துக்காட்டு உள்ள பக்கம்.

மல்லாவியான்:

பரந்தன் தம்பி, நானும் மல்லாவியில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவன்தான். இங்கிருந்து பார்த்தால் என்று எனக்குக் கதை சொல்ல வேண்டாம்.

பி.எச்.பி. பற்றி மேலே யாரும் பதில் சொல்லவில்லை. செத்துப்போன மொழியை ஏன் புதிதாகப் படிப்பான்?

ஓமந்தை நிரலன்:

செத்துப்போகவில்லை அண்ணை. இணையத்தளம் அமைக்கப் பாவிக்கிற வேர்ட்பிரஸ் ஓடுவது அதில்தான். எங்களிடம் வருகிற சிறிய வேலைகளில் பாதிக்கு மேல் வேர்ட்பிரஸ் திருத்தம். தளத்தை இணையத்தில் வைக்கிற ஹோஸ்டிங் சேவையில் மலிவான எதை வாங்கினாலும் பி.எச்.பி.யும் மைஎஸ்கியூஎல்லும் கூடவே வருகின்றன. விசுவமடுவில் ஒரு கடை மாதம் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று யோசியுங்கள். ரியாக்ட் படித்து முடித்தாலும், படிவத்தில் நிரப்பியதை வாங்கி வைக்கச் சேவையகத்தில் ஏதோ ஒன்று ஓட வேண்டுமே. அதை எங்கே, யார் காசில் ஓட்டுவது?

ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடையாள அட்டை இலக்கத்தில் எழுத்து விடுபட்டால் அனுப்பும் முன்பே சொல்ல அது வேண்டும். இரண்டாவதாகப் படிக்கட்டும்.

விசுவமடு வாசகி:

படங்கள் வந்தன. தடித்த புத்தகம் 2010 ஆம் ஆண்டுப் பதிப்பு. தரவுத்தளப் பக்கத்தில் உள்ள கட்டளைகள் ‘மைஎஸ்கியூஎல்’ என்று தொடங்கி, அடிக்கோடு போட்டு, ‘கனெக்ட்’, ‘க்வெரி’ என்று முடிகின்றன. கடவுச்சொல்லை ‘எம்.டி.5’ என்ற ஒன்றால் மறைப்பதாகவும் போட்டிருக்கிறது.

சேர் சொன்னபடி வண்ணப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து பார்த்தேன். வந்தது! முதல் முறையே வந்தது என்பதில் எனக்கே ஆச்சரியம். தமிழ் மெல்லிய புத்தகத்தின் பக்கமும் திரையில் வந்தது, ஆனால் ‘ஃபான்ட்’, ‘சென்டர்’ என்று நிறைய வருகிறது. சரியா?

இன்னொன்று. வண்ணப் புத்தகம் என் காசுக்குக் கொஞ்சம் கூட. முரசுமோட்டையில் ஒருவரிடம் இருக்கிறது, இரவல் தருவார். நான் இருப்பதே போட்டோக்கொப்பிக் கடையில். பிரதி எடுத்துக்கொள்ளட்டுமா?

ஓமந்தை நிரலன்:

தடித்த புத்தகத்தை வாங்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. அந்தக் கட்டளைகள் 2015 டிசம்பரில் வந்த பி.எச்.பி. 7 உடன் முற்றாக நீக்கப்பட்டுவிட்டன. பி.எச்.பி.யை நம் கணினியில் ஓட்ட உதவும் எக்ஸாம்ப்பின் இன்றைய பதிப்பை நிறுவி அந்த எடுத்துக்காட்டை ஓட்டினால் பிழைச் செய்தி மட்டுந்தான் வரும். நீங்களோ உங்கள் தட்டச்சில்தான் எங்கோ எழுத்துப் பிழை என்று இரவு முழுவதும் தேடுவீர்கள். இப்போது தரவுத்தளத்தோடு இணைக்க ‘மைஎஸ்கியூஎல்ஐ’ என்று கடைசியில் ‘ஐ’ சேர்ந்ததும், ‘பி.டி.ஓ.’ என்பதும்தான் இருக்கின்றன.

எம்.டி.5 அதைவிட மோசம். கடவுச்சொல்லை அதில் வைத்தால், தரவுத்தளம் ஒருவர் கையில் சிக்கிய அன்றே சாதாரணக் கடவுச்சொற்களைக் கண்டுபிடித்துவிடலாம். அதற்கென்றே ‘பாஸ்வேர்ட் ஹாஷ்’ என்ற வசதி 2013 முதல் பி.எச்.பி.யிலேயே இருக்கிறது. அது புத்தகத்தில் இருக்கிறதா என்று பொருளடக்கத்தில் தேடினால் பி.எச்.பி. புத்தகத்தின் வயதும் பொறுப்பும் ஒன்றாகத் தெரிந்துவிடும். பயனர் தட்டச்சு செய்ததை அப்படியே எடுத்துத் தரவுத்தளக் கட்டளைக்குள் ஒட்டுகிற எடுத்துக்காட்டு இருந்தாலும் அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். படிவத்தின் பெயர்ப் பெட்டியில் பெயருக்குப் பதிலாக ஒரு கட்டளையை எழுதி அனுப்பி, அட்டவணையையே அழிக்க வழி விடுகிற எழுத்து அது.

‘ஃபான்ட்’, ‘சென்டர்’ இரண்டையும் உலாவி இன்னும் காட்டும், ஆனால் எச்.டி.எம்.எல். 5 அவற்றைக் கைவிட்டுவிட்டது. நிறமும் அளவும் சி.எஸ்.எஸ்.ஸின் வேலை. அந்தத் தமிழ்ப் புத்தகம் இருபது ஆண்டுக்கு முந்திய பழக்கத்தைச் சொல்லித் தருகிறது. திரையில் வந்துவிட்டது என்பது மட்டும் போதாது என்று ஆசிரியரின் சோதனையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

பரந்தன் சந்தி:

சரி, தடித்ததைக் கைவிடுகிறேன். அந்த ‘ஐ’ விடயம் எனக்குத் தெரியாது. ஆனால் பிரதி எடுப்பதில் என்ன குற்றம்? இங்கே பல்கலைக்கழகப் பாடநூல் முழுவதும் பிரதிதானே ஓடுகிறது. 2022 இற்குப் பிறகு வெளிநாட்டுப் புத்தகத்தின் விலையைப் பார்த்தீர்களா?

முள்ளியவளை ஆசிரியர்:

விலை தெரியும். ஆனாலும் கடையில் வேலை செய்கிற ஒருவரிடம் முழுப் புத்தகத்தையும் பிரதி எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நியாயத்தை விட்டுப் பார்த்தாலும், அந்தப் புத்தகம் கறுப்பு வெள்ளையில் பாதி செத்துவிடும். எந்த வரி எதைக் குறிக்கிறது என்பதை நிறத்தால் காட்டுகிற புத்தகம் அது. நிறங்களைப் பற்றிய அத்தியாயத்தைச் சாம்பலாக வாசித்து என்ன காண்பது?

இரவல் தருவார் என்றால் இரவலே வாங்குங்கள். தொடக்கப் புத்தகம் ஓரிரு மாதத்துக்குள் முடிகிற ஒன்று, காலம் முழுக்கத் தலைமாட்டில் வைத்திருக்கிற புத்தகம் அல்ல. காசை அடுத்த புத்தகத்துக்கு வைத்திருங்கள்.

பிரதி எடுக்க ஆசை என்றால் அதற்கு அனுமதி தந்த புத்தகங்கள் இருக்கின்றன. நான் மேலே சொன்ன ‘எளிய தமிழில்’ நூல்கள் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் வந்தவை. அச்சடித்து, துளையிட்டு, நூலால் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் இருக்கிறவருக்கு அதைவிட என்ன வேண்டும்?

அறிவியல்நகர் மாணவி:

அக்கா, கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிறேன். அனுமதி தந்த புத்தகம் என்றால் இன்னொன்றும் உண்டு. மரைன் ஹாவர்பேக் எழுதிய ‘எலோகுவென்ட் ஜாவாஸ்கிரிப்ட்’. ஆசிரியரின் தளத்திலேயே இலவசம், நான்காம் பதிப்பு 2024 இல் வந்தது. விற்க முடியாது, சொந்தப் பாவனைக்கு அச்சடிக்கலாம். ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம். முதல் மூன்று அத்தியாயம் இலகுவாகப் போகும், நான்காவதில் திடீரென்று ஏற்றம் வரும். எங்கள் வகுப்பிலேயே அந்த இடத்தில் நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள்.

நான் எழுத வந்தது வேறு விடயம். மேலே பேசிய எந்த ஆங்கிலப் புத்தகமும் தமிழைப் பற்றி உங்களுக்குச் சொல்லப்போவதில்லை. நீங்கள் பாமினிக்காரர். பாமினியில் தட்டச்சு செய்த எழுத்துகள் கணினிக்கு ஆங்கில எழுத்துகள்தான், பாமினி எழுத்துரு இருக்கிற இடத்தில் மட்டும் தமிழாகத் தெரிகின்றன. கடையில் உள்ள பழைய கோப்பிலிருந்து விலைப்பட்டியலை எடுத்து இணையப் பக்கத்தில் ஒட்டினால் வாடிக்கையாளரின் தொலைபேசியில் கிறுக்கல்தான் வரும். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டுக்கு மாற்றியாக வேண்டும். கை பழகிய பாமினி விசை அமைப்பிலேயே யூனிகோட் அடிக்கிற மென்பொருள்கள் இருக்கின்றன, ஆகவே விரல்களுக்குப் புதிதாக எதையும் பழக்க வேண்டாம்.

பக்கத்தின் தலைப்பகுதியில், யூனிகோட்டைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்று குறிப்பிடும் வரியைத் தவறவிடாதீர்கள். தரவுத்தளத்தில் ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பழைய மைஎஸ்கியூஎல் பதிப்புகள் தாமாக எடுத்துக்கொள்வது லத்தீன் எழுத்துகளுக்கான அமைப்பை. அதில் தமிழ்ப் பெயரைச் சேமித்தால் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்து நிற்கும். திரும்பப் பெறவும் முடியாது.

அடுத்தது நீளம். பெயருக்கு இத்தனை எழுத்து என்று கட்டுப்பாடு வைக்கப் புத்தகம் சொல்லும். பி.எச்.பி.யின் சாதாரண நீளக் கட்டளையிடம் ‘வன்னி’ என்று கொடுத்தால் 15 என்று பதில் வரும். ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், ‘வன்னி’யில் ஐந்து குறிகள், புள்ளியும் விசிறியும் தனித்தனி. ஜாவாஸ்கிரிப்ட் அதையே 5 என்று சொல்லும். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. மூன்றும் சரிதான், எதை எண்ணுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பி.எச்.பி.யின் அந்தக் கட்டளையை வைத்து ‘20 எழுத்துக்கு மேல் கூடாது’ என்று எழுதிவிட்டுப் பிறகு சிவபாக்கியலட்சுமி என்ற பெயரில் ஓர் அம்மா வந்தால் அவரைப் படிவம் திருப்பி அனுப்பிவிடும்.

முள்ளியவளை ஆசிரியர்:

நல்ல எடுத்துக்காட்டு பிள்ளை. வகுப்பில் இதை எடுத்துப் பாவிக்கப்போகிறேன்.

மல்லாவியான்:

இந்த விடயம் எந்தக் காணொளியிலும் நான் பார்க்கவில்லை. இங்கே என் வேலையில் தமிழ் எழுத்தைத் தொட்டதே இல்லை. தங்கச்சி, பி.எச்.பி. பற்றி என் எண்ணம் மாறவில்லை, ஆனால் தொடக்கத்துக்குப் புத்தகம் சரி. மின்சாரம் போனாலும் அதை வாசிக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு வேண்டுகோள். அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி எல்லாம் சேர்க்கிற படிவத்தை முதல் வேலையாக எடுக்காதீர்கள். அது ஊரவர்களின் விபரம்.

ஓமந்தை நிரலன்:

அண்ணை சொல்வதை அப்படியே ஆமோதிக்கிறேன். இலங்கையிலும் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கச் சட்டம் 2022 இல் நிறைவேறியிருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், விசுவமடுவில் ஒருவரின் விபரம் வெளியே போனால் அடுத்த நாள் கடைக்கு யாரும் வர மாட்டார்கள்.

முதலில் எதையும் சேமிக்காத பக்கம் செய்யுங்கள். எந்த விண்ணப்பத்துக்கு எந்தெந்த ஆவணம் கொண்டுவர வேண்டும், கிராம அலுவலரின் கையொப்பம் தேவையா, எத்தனை படம் வேண்டும் என்று எழுதி வைத்தாலே, நீங்கள் சொன்ன அந்த இரண்டாம் பஸ் பயணம் பலருக்கு மிச்சமாகும். அதற்கு எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். போதும். கிட்ஹப் தளத்தில் காசில்லாமல் ஏற்றலாம். அங்கே பி.எச்.பி. ஓடாது, உங்களுக்கு அப்போது அது தேவையும் இல்லை.

படிவத்துக்கு வரும்போது டக்கெட் 2022 இல் எழுதிய ‘பி.எச்.பி. அண்ட் மைஎஸ்கியூஎல்’ புத்தகத்தை வாங்குங்கள். பி.எச்.பி. 8 ஐ வைத்து எழுதியது, பி.டி.ஓ., கடவுச்சொல் எல்லாம் முறையாக இருக்கின்றன. விலை அதிகந்தான். ஒதுக்கிய 5,000 ரூபாயை அதில் போடுங்கள், குறைவதைச் சேர்க்க உங்களுக்குக் காலம் இருக்கிறது.

விசுவமடு வாசகி:

எல்லோருக்கும் நன்றி. வண்ணப் புத்தகத்தை முரசுமோட்டையில் இரவல் வாங்குகிறேன். ‘எளிய தமிழில்’ எச்.டி.எம்.எல். நூலைக் கடையில் அச்சடித்துவிட்டேன், முதலாளி கடதாசிக் காசு மட்டும் எடுத்தார். அண்ணாவிடம் எதையும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஃபிளெக்ஸ்பாக்ஸ் பாடம் எம்.டி.என். தளத்தில் என்று எழுதினீர்கள். இணைப்பு இல்லாத நேரத்தில் அதைப் பார்க்க வழி இருக்கிறதா? கட்டளை ஒவ்வொன்றுக்கும் டேட்டா போட்டுத் தேடிக் கட்டுப்படியாகாது.

அறிவியல்நகர் மாணவி:

இருக்கிறது அக்கா. டெவ்டாக்ஸ் என்ற தளத்தை ஒரு தரம் திறந்து, எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் மூன்றையும் இணைப்பின்றிப் பார்க்கச் சேமிக்கும்படி அமைத்துவிடுங்கள். எம்.டி.என். தளத்தின் உசாத்துணைப் பக்கங்கள் உலாவிக்குள்ளேயே இறங்கிவிடும், பிறகு டேட்டா வேண்டாம். பாடங்கள் அதில் வராது. ஃபிளெக்ஸ்பாக்ஸ் பாடத்தை மட்டும் ஒரு முறை திறந்து பிடிஎஃப் ஆகச் சேமித்துக்கொள்ளுங்கள். பி.எச்.பி. கையேட்டை அதன் சொந்தத் தளமே முழுக்கோப்பாகத் தருகிறது, அது பிறகு. நிரல் எழுதுகிற மென்பொருள்களில், 4 ஜிபி கணினியில் விஷுவல் ஸ்டூடியோ கோட் கொஞ்சம் இழுக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும்.

பூநகரிப் புதியவன்:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் கணினி இல்லை, தொலைபேசி மட்டுந்தான். இதே வழியில் தொடங்கலாமா?

முள்ளியவளை ஆசிரியர்:

எச்.டி.எம்.எல். பகுதியைத் தொடங்கலாம் தம்பி. நிரல் எழுதுவதற்கென்றே தொலைபேசிச் செயலிகள் இருக்கின்றன, எழுதியதை அதிலேயே பார்க்கலாம். சி.எஸ்.எஸ். வந்ததும் சின்னத் திரையில் கண் நோகும். அதற்குள் உங்கள் பாடசாலைக் கணினி அறையில் பின்னேரம் இருக்க அனுமதி கேட்டு வையுங்கள். பழைய மாணவர் என்றால் அதிபர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை.